அல்பீன் ஏ110

அல்பீன் ஏ110 என்பது பிரான்சு நாட்டில் 1962 முதல் 1977 வரை தயாரிக்கப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இரண்டு இருக்கைகள், பின்பக்கத்தில் எஞ்சின், கண்ணாடியிழையால் ஆன உடல், தரையோடு ஒட்டியது போன்ற தாழ்ந்த வடிவம் ஆகியவை இதன் அடையாளங்கள். நீல நிறத்தில்தான் பெரும்பாலோர் இதைப் பார்த்திருப்பார்கள். பழைய கார்ப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். பிரெஞ்சுக்காரர்கள் இக்காரைச் செல்லமாக 'பெர்லினெத்' என்று அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'பெர்லின்' என்றால் மூடிய கூரையுள்ள குடும்பக் கார்; பெர்லினெத் என்றால் அதன் குட்டி.

1973ஆம் ஆண்டு உலக ரேலி சாம்பியன்ஷிப் முதன்முறையாக நடத்தப்பட்டது. அதில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது இந்தக் கார்தான். அவ்வாண்டு எதிரே நின்றவை ஃபியட், ஃபோர்டு போன்ற பெரிய நிறுவனங்கள். அல்பீனோ ஒரு துறைமுக நகரத்துச் சிறிய தொழிற்சாலை. அதன் எஞ்சினும் பிரேக்கும் ரெனோ நிறுவனத்தின் குடும்பக் கார்களிலிருந்து எடுத்தவை. (நம் ஊரில் ரெனால்ட் என்கிறோம், பிரெஞ்சு உச்சரிப்பில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு ஒலி கிடையாது.) அடுத்தவர் செய்த உதிரிப் பாகங்களை வைத்து ஒரு சிறு நிறுவனம் எப்படி வென்றது என்பதே இக்காரைப் பற்றி அறியவேண்டிய முக்கியமான செய்தி.

தியெப் நகரத்து இளைஞர்

பிரான்சின் வடக்கே, இங்கிலாந்தைப் பார்த்தபடி இருக்கும் கடற்கரை நகரம் தியெப். மீன்பிடித் துறைமுகம். கார்ப் பந்தய வரலாற்றில் அதற்கு முன்பே இடம் உண்டு. 1907, 1908, 1912 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயம் இந்நகரைச் சுற்றிய சாலைகளில் நடந்தது. இரண்டாம் உலகப் போர் வரலாறு படித்தவர்களுக்கு 1942 ஆகஸ்டு 19 அன்று நேச நாட்டுப் படைகள், பெரும்பாலும் கனடா நாட்டு வீரர்கள், இங்கே கரையிறங்க முயன்று பெரும் உயிரிழப்போடு திரும்பியது நினைவிருக்கும்.

அல்பீனைத் தொடங்கிய ழான் ரெடேலே 1922இல் இந்நகரில் பிறந்தவர். பாரிசில் வணிக மேற்படிப்பு முடித்து, போருக்குப் பின் இளம் வயதிலேயே தியெப்பில் ரெனோ கார் முகவர் ஆனார். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். கார் விற்கவேண்டும், அதற்குக் காரின் பெயர் பரவவேண்டும், பெயர் பரவுவதற்குப் பந்தயத்தை விட நல்ல விளம்பரம் இல்லை என்பது அவர் கணக்கு. ஆகவே தான் விற்ற காரையே பந்தயத்துக்கு ஓட்டிச் சென்றார்.

அந்தக் கார் ரெனோ 4சிவி. போருக்குப் பிந்தைய பிரான்சில் சாதாரண மக்கள் வாங்கிய, முக்கால் லிட்டர் எஞ்சினைப் பின்னால் சுமந்த மிகச் சிறிய வண்டி. இத்தாலியின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைப் பந்தயமான மில்லே மில்யாவில் ரெடேலே 1952, 1953, 1954 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தன் பிரிவில் வென்றது இந்த 4சிவியில்தான். 4சிவிக்கு மூன்றே கியர்கள். மலைச்சாலையில் ஏறும்போது இரண்டாவது கியருக்கும் மூன்றாவதற்கும் இடையே பெரிய இடைவெளி. ஒன்றில் எஞ்சின் அலறும், மற்றதில் திணறும். எனவே அவர் ஐந்து கியர் கொண்ட பெட்டியைப் பொருத்திக்கொண்டார். எஞ்சினின் சக்தியைப் பெரிதாகக் கூட்டாமல், இருக்கும் சக்தியை வீணாக்காமல் பயன்படுத்துவது என்ற அவருடைய வழி அப்போதே தெரிகிறது.

ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடந்த பந்தயங்களில் பெற்ற வெற்றியும், அந்த வளைவுகளில் ஓட்டிய மகிழ்ச்சியும்தான் நிறுவனத்தின் பெயருக்குக் காரணம். 1955இல் அவர் தொடங்கிய நிறுவனம் 'அல்பீன்' ஆயிற்று.

ஏ110க்கு முன்

முதல் கார் ஏ106. 4சிவியின் அடித்தளமும் எஞ்சினும், மேலே கண்ணாடியிழை உடல். அடுத்து வந்த ஏ108 ரெனோ டொஃபீன் காரின் பாகங்களைக் கொண்டது. அதன் வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டியின் கோடுகளிலிருந்து வளர்ந்தது. இவரை நமக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. சென்னையில் தயாராகி ஒரு காலத்தில் நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவரும் இவரே.

1962இல் ரெனோ ஆர்8 என்ற புதிய குடும்பக் கார் வந்தது. பார்க்கப் பெட்டி போல இருக்கும். ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் அதில் இருந்தது. அந்த விலைக் காரில் அக்காலத்தில் காணமுடியாத வசதி. எஞ்சினும் புதியது, ஐந்து தாங்கிகளில் சுழலும் வலுவான கிராங்குத் தண்டு கொண்டது. ஏ108இன் உடலைச் சற்று மாற்றி, பின்பகுதியை இந்த எஞ்சினுக்கு ஏற்ப விரித்து, அதே ஆண்டு ஏ110 வெளிவந்தது.

முதுகெலும்புச் சட்டகம்

பழைய கார்களின் அடிச்சட்டகம் ஏணி போன்றது. இரண்டு நீண்ட உருக்குச் சட்டங்கள், குறுக்கே சில கட்டைகள். அதன்மேல் உடல் அமரும். ஏணியைத் தூக்க எளிது, முறுக்கவும் எளிது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருப்பினால் கோணிக்கொள்ளும். கார் வளைவில் போகும்போது சட்டகம் இப்படிக் கோணினால் சக்கரங்கள் தரையோடு இருக்கவேண்டிய கோணம் மாறிவிடும்.

ஏ110இல் ஏணி இல்லை. காரின் நடுவே, இரண்டு இருக்கைகளுக்கும் இடையே, தடித்த உருக்குக் குழாய் ஒன்று முன்னிருந்து பின்வரை ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் சிறிய சட்டங்கள். முன்சட்டத்தில் முன்சக்கரங்களும் ஸ்டீயரிங்கும், பின்சட்டத்தில் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்சக்கரங்களும். அவ்வளவுதான்.

குழாய் ஏன் என்பதை மாணவர்கள் ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு செய்தித்தாளை விரித்து இருமுனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், எதிர்ப்பே இருக்காது. அதே தாளைக் குழாயாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டிவிட்டுத் திருகுங்கள். தாளின் எடை கூடவில்லை, விறைப்புப் பல மடங்கு கூடிவிட்டது. முறுக்கு விசையை எதிர்ப்பதில் பொருளின் அளவைவிட, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, விடுபடாத வளையமாக அமைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சைக்கிள் சட்டம் குழாயால் செய்யப்படுவதும் இதனால்தான்.

கண்ணாடியிழை உடல்

உருக்குத் தகட்டில் கார் உடல் செய்ய மிகப் பெரிய அழுத்த இயந்திரங்களும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வார்ப்பு அச்சுகளும் தேவை. இலட்சக்கணக்கில் கார் விற்பவர்களுக்குத்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஆண்டுக்குச் சில நூறு கார்கள் செய்யும் நிறுவனத்தால் இயலாது.

கண்ணாடியிழைக்கு அவ்வளவு முதலீடு வேண்டாம். நம் கடற்கரைகளில் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகு செய்வதைப் பார்த்தவர்களுக்கு முறை தெரிந்திருக்கும். அச்சின் உட்புறத்தில் ஒட்டாமலிருக்க மெழுகு, அதன்மேல் நிறப்பூச்சு, பின் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினை ஊற்றி உருளையால் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் எடுத்தால் ஓடு போல வரும். கைவேலை அதிகம், இயந்திரச் செலவு குறைவு. ஏ110இன் உடல் இப்படித்தான் உருவாகி, முதுகெலும்புச் சட்டகத்தோடு இணைக்கப்பட்டது.

இதில் இரண்டு ஆதாயங்கள். துருப்பிடிக்காது, எடை குறைவு. குறையும் உண்டு. உருக்குத் தகடு அடிபட்டால் நசுங்கும், கண்ணாடியிழை விரிசல் விடும். ஆனால் விரிசலை இழைத் துணியும் ரெசினும் வைத்து ஒட்டவும் முடியும். ரேலி ஓடுகிற வண்டிக்கு இது சிறிய வசதி அல்ல.

காரின் நீளம் 3.85 மீட்டர். உயரம் 1.13 மீட்டர், ஏறத்தாழ ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரம். உயரமானவர்கள் உள்ளே ஏறுவது உண்மையிலேயே சிரமம். ஏறியபின் கால்களைச் சற்று காரின் நடுப்பக்கம் திருப்பி நீட்டவேண்டும், ஏனென்றால் முன்சக்கரத்தின் வளைவு பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வசதிக்காக யாரும் இதை வாங்கியிருக்க மாட்டார்கள்.

எஞ்சின்கள்

முதல் ஏ110இல் இருந்தது ஆர்8இன் 956 சிசி எஞ்சின். சக்தி 50 குதிரைத்திறனைச் சுற்றித்தான். பின் 1108 சிசி வந்தது. இங்கே இன்னொரு மனிதரைச் சொல்லவேண்டும். அமெதே கோர்தினி, இத்தாலியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். சாதாரண எஞ்சினிலிருந்து அசாதாரண சக்தியை வரவழைப்பவர் என்பதால் 'மந்திரவாதி' என்று பெயர் பெற்றவர். ஆர்8 எஞ்சினுக்கு அவர் புதிய சிலிண்டர் தலை அமைத்தார். எரியறை அரைக்கோள வடிவம். காற்றும் பெட்ரோலும் ஒரு பக்கம் நுழைந்து, புகை மறுபக்கம் வெளியேறும். ஒரே பக்கத்தில் வந்து அதே பக்கத்தில் திரும்பிப் போகும் ஏற்பாட்டைவிட இதில் கலவை தங்குதடையின்றிப் பாயும். ஆகவே அதிக வேகத்தில் சுழலும்போதும் சிலிண்டர் நன்றாக நிரம்பும். இதன் தொடர்ச்சியாக 1255 சிசி எஞ்சின் கொண்ட ஏ110 1300ஜி வந்தது.

1960களின் இறுதியில் ரெனோ 16 என்ற பெரிய குடும்பக் காரின் எஞ்சின் பயன்படுத்தப்பட்டது. அதன் சிலிண்டர் தொகுதி அலுமினியத்தால் ஆனது. எஞ்சின் பின்பக்கம் தொங்கும் காருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் கொள்ளளவு கூடியும் எடை அதே அளவில் கூடவில்லை. 1565 சிசி எஞ்சினோடு, இரண்டு வெபர் கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்ட 1600எஸ் வகைக்கு, அக்கால அளவீட்டில் 138 குதிரைத்திறன். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். 1973இல் நிறுவனத்தின் சொந்த ரேலி அணிக்கு மட்டும் எஞ்சின் 1.8 லிட்டர் அளவுக்குப் பெருக்கப்பட்டது. பத்தாண்டுகளில் சக்தி மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது, ஆனால் காரின் அடிப்படை மாறவில்லை. சிறிய எஞ்சினுக்கென வரைந்த சட்டகம் இதைத் தாங்கியது என்பதே அதன் முதல் வடிவமைப்புக்கு நற்சான்று.

பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பதை விளக்கவேண்டியதில்லை. மூட்டைகளைப் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். ஏ110 பின்பாரம் ஏறிய வண்டி. எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்களின் மேல்.

ஒரு வகையில் இது நன்மை. காரைத் தள்ளுவது பின்சக்கரங்கள். அவற்றின்மேல் பாரம் இருந்தால் தரையை நன்றாகப் பற்றும், பனியிலும் சரளையிலும் வெறுமனே சுழலாது. மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும், பிடிப்பு இன்னும் கூடும். முன்பக்கம் இலேசாக இருப்பதால் ஸ்டீயரிங்கும் இலேசு.

மறுபக்கம் ஆபத்து. வளைவில் நுழையும்போது இலேசான முன்சக்கரங்கள் முதலில் வழுக்கி, கார் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும். முன்சக்கரம் சட்டென்று பிடிக்கும், பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். கனமான பின்பகுதி கயிற்றில் கட்டிய கல்லைப் போல வெளியே வீசும். பின்னெஞ்சின் கார்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது.

ஏ110இல் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அதன் பின்சக்கர அச்சு 'ஊசல் அச்சு' வகை. ஒவ்வொரு பின்சக்கரமும் ஒரு தண்டின் முனையில் உறுதியாக நிற்கும். அந்தத் தண்டு கியர்பெட்டியின் பக்கத்தில் மட்டும் மூட்டுபோல் மடங்கும். பறவை சிறகை உயர்த்தித் தாழ்த்துவது போலச் சக்கரம் மேலும் கீழும் போகும். எளிய, மலிவான ஏற்பாடு. ஆனால் சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வேகமான வளைவில், வெளிப்புறச் சக்கரத்தின்மேல் தரை கொடுக்கும் பக்கவாட்டு விசை அந்தத் தண்டின் வழியாகக் காரின் பின்பகுதியையே மேலே நெம்பும். நெம்பினால் சக்கரம் உள்ளே மடங்கும். டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாமல் ஒரே நொடியில் போய்விடும். 1960களில் ஊசல் அச்சு கொண்ட பல நாட்டுக் கார்கள் இதனால் கெட்ட பெயர் வாங்கின.

அல்பீன் பொறியாளர்கள் காரைத் தாழ்வாக அமைத்தார்கள், பின்சக்கரங்களை முன்கூட்டியே சாய்த்து வைத்தார்கள். ஏ110ஐப் பின்னாலிருந்து படம் பிடித்தால், நிற்கும்போதே சக்கரங்களின் மேல்பகுதி உள்ளேயும் அடிப்பகுதி வெளியேயும் இருப்பது தெரியும். கால்களை அகட்டி நிற்கும் மல்லரைப் போன்ற அந்த நிலை அழகுக்காகச் செய்ததன்று. வளைவில் பின்பகுதி மேலே எழும்பினாலும் சக்கரம் நிமிர்ந்து நேராகுமே தவிர உள்ளே மடங்காது. 1970களில் தொடர்ந்து வந்த ஏ310 காரின் இரட்டைக் கை கொண்ட பின் சஸ்பென்ஷன் கடைசி ஏ110களுக்கும் வந்தபோதுதான் ஊசல் அச்சு போயிற்று.

மீதியை ஓட்டுநர்கள் செய்தார்கள். பின்பகுதி வீசும் என்று தெரியும்போது, அதை எப்போது வீசவேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். வலப்பக்கம் கொண்டையூசி வளைவு வருகிறதென்றால் முதலில் காரை நொடிப்பொழுது இடப்பக்கம் திருப்பி, உடனே வலப்பக்கம் வெட்டுவார்கள். கனமான பின்பகுதி ஊசலைப் போல எதிர்ப்பக்கம் வீசி, வளைவு தொடங்கும் முன்பே கார் வெளியேறும் திசையைப் பார்த்து நின்றுவிடும். இனி ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும். பாரம் முழுவதும் பின்சக்கரத்தில் இருப்பதால் பீரங்கிக் குண்டு போலப் பாயும். குறுகிய, பனி மூடிய மலைச்சாலையில் இதைவிட விரைவான வழி அக்காலத்தில் இல்லை. பழகாதவர் கையில் இதே கார் சுவரில் போய் மோதும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எடைக் கணக்கு

ஆரம்பகால ஏ110இன் எடை சுமார் 600 கிலோகிராம். 1600எஸ் சுமார் 700. அக்காலத்தில் அதே வேகத்தில் ஓடிய மற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆயிரம் கிலோவைச் சுற்றி இருந்தன. வேகம் எடுப்பதில் இதன் பயன் நியூட்டனின் இரண்டாம் விதியிலேயே தெரியும். பிரேக்கில் தெரிவதைப் பலர் கவனிப்பதில்லை.

மலை இறக்கத்தில் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்தவேண்டும் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். 700 கிலோ காருக்கு 3,15,000 ஜூல். 1000 கிலோ காருக்கு 4,50,000 ஜூல். இந்த ஆற்றல் முழுதும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். ஒரு முறை நிறுத்துவதற்கே 1,35,000 ஜூல் வேறுபாடு. இருபது கிலோமீட்டர் இறக்கத்தில் நூறு வளைவுகள் வந்தால், கனமான காரின் பிரேக் சூடேறித் தளர்ந்திருக்கும். ஏ110இன் பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒரு கேள்வி கேட்பார். வகுப்பில் எனக்கும் இது வந்திருக்கிறது. உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வளைவுக்கு வேண்டிய மையநோக்கு விசையும் நிறைக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே நிறை இருபுறமும் அடிபட்டுப் போகும், இலேசான காருக்கு வளைவில் ஆதாயம் ஏது? பாடநூல் சமன்பாட்டின்படி அவர் சொல்வது சரி. ஆனால் ரப்பர் டயர் அந்தச் சமன்பாட்டுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாகாது, சற்றுக் குறைவாகவே கூடும். அதாவது பாரம் ஏற ஏற உராய்வுக் கெழு குறைகிறது. எனவே ஒரே அளவு டயரில் இலேசான கார் வளைவிலும் முந்தும்.

ரேலிக் களத்தில்

மூடிய ஓடுபாதையில் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம் வேறு, ரேலி வேறு. ரேலி சாதாரணச் சாலைகளில், பல நாட்கள், இரவிலும் பனியிலும் நடப்பது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் வழி சொல்லும் துணை ஓட்டுநர் இருப்பார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், கடிகாரம்தான் எதிராளி. ரேலிகளில் புகழ்பெற்றது மான்ட்டி கார்லோ ரேலி. ஜனவரி மாதத்தில் தெற்கு பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடக்கும்.

1968, 1969, 1970 என மூன்று ஆண்டுகள் மான்ட்டி கார்லோவில் ஜெர்மனியின் போர்ஷே வென்றது. 1971இல் ஸ்வீடன் நாட்டு ஓவே ஆண்டர்சன் அல்பீன் 1600எஸ்ஸில் முதலிடம் பெற்றார். இரண்டாவது ழான்-லூக் தெரியே, அல்பீன். மூன்றாம் இடத்தை ழான்-குளோத் அந்த்ரூயே, அல்பீன், ஒரு போர்ஷேயோடு பகிர்ந்துகொண்டார். அவ்வாண்டு ஆண்டர்சன் சான் ரெமோ, ஆஸ்திரியா, கிரேக்கத்தின் அக்ரோபொலிஸ் ரேலிகளிலும் வென்றார். தயாரிப்பாளர்களுக்கான சர்வதேசப் பட்டம் அல்பீனுக்கு வந்தது.

1973 மான்ட்டி கார்லோவில் முதல் மூன்று இடங்களும் அல்பீனுக்கே. அந்த்ரூயேயும் துணை ஓட்டுநர் மிஷேல் எஸ்பினோசி-பெத்தியும் முதலாவது. 'பிஷ்' என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட இப்பெண்மணி அக்காலத்தின் தலைசிறந்த துணை ஓட்டுநர்களுள் ஒருவர். இரண்டாவது வந்த ஆண்டர்சனுக்கும் இவர்களுக்கும் இடையே 26 நொடி மட்டுமே. மூன்றாவது ழான்-பியேர் நிக்கோலா. நான்காவதாக ஒரு ஃபோர்டு எஸ்கார்ட் புகுந்துகொண்டது. ஐந்தாவதும் ஆறாவதும் மீண்டும் அல்பீன்.

அவ்வாண்டின் 13 ரேலிகளில் அல்பீன் ஆறில் வென்றது: மான்ட்டி கார்லோ, போர்ச்சுக்கல், மொராக்கோ, அக்ரோபொலிஸ், சான் ரெமோ, கோர்சிகா. இவற்றில் மூன்று தெரியேயுடையவை. ஓட்டுநர்களுக்கெனத் தனிப் பட்டம் அப்போது இல்லை. இருந்திருந்தால் தெரியேதான் முதல் உலக சாம்பியன் என்று ரேலி ஆர்வலர்கள் இன்றும் சொல்வார்கள். என் கண்ணுக்கு வியப்பாகத் தெரிவது பெர்னார் தர்னிஷ் மொராக்கோவில் பெற்ற வெற்றி. கல்லும் மணலும் புழுதியுமான வட ஆப்பிரிக்கச் சாலைகள் கனமான, முரட்டு வண்டிகளின் களம் என்றே கருதப்பட்டது. குன்றுப் பாதைக்கென்று செய்த கண்ணாடியிழைக் கார் அங்கேயும் உடையாமல் முதலாவதாக வந்தது.

பிந்தைய ஆண்டுகள்

வெற்றியின் உச்சத்திலேயே இறக்கமும் தொடங்கியது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏறியது, ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் குறைந்தனர். அதே ஆண்டு ரெனோ நிறுவனம் அல்பீனின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. மறுபக்கம் இத்தாலியில் லான்சியா நிறுவனம் ஸ்ட்ராட்டோஸ் என்ற காரைத் தயாரித்தது. ரேலிக்கென்றே முதல் கோடு முதல் கடைசித் திருகாணி வரை திட்டமிட்ட கார். நடுவில் ஃபெராரியின் ஆறு சிலிண்டர் எஞ்சின். குடும்பக் காரின் பாகங்களால் அதனோடு மோத இயலவில்லை. 1974, 1975, 1976 பட்டங்கள் லான்சியாவுக்குப் போயின. ஏ110இன் தயாரிப்பு 1977இல் நின்றது. ரெடேலே 1978இல் தன் நிறுவனத்திலிருந்து முழுமையாக விலகினார். அவ்வாண்டு ரெனோ அல்பீன் பெயர் தாங்கிய பந்தயக் கார் லெ மான் 24 மணிப் பந்தயத்தை வென்றது.

பிரான்சில் தயாரான ஏ110களின் மொத்த எண்ணிக்கை ஏழாயிரத்தை ஒட்டியது. அதற்கு வெளியே உரிமம் பெற்று ஸ்பெயினில் வயதோலித் நகரிலும், மெக்சிகோவில் 'டினால்பின்' என்ற பெயரிலும், பல்கேரியாவில் 'புல்கரால்பீன்' என்ற பெயரிலும் செய்தார்கள். பிரேசிலில் அதற்கு முந்தைய ஏ108 'வில்லிஸ் இன்டர்லாகோஸ்' என்ற பெயரில் ஓடியது. பெரிய அழுத்த இயந்திரங்கள் வேண்டாம் என்பதால்தான் இத்தனை நாடுகளில் எளிதாக இதைத் தொடங்க முடிந்தது. பொதுவுடைமை ஆட்சியில் இருந்த பல்கேரியாவில் ஒரு பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது இன்று படிக்க வேடிக்கையாக இருக்கிறது. சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றுபோனது.

ரெடேலே 2007இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 2017 ஜெனீவா கார்க் கண்காட்சியில் ரெனோ புதிய அல்பீன் ஏ110ஐ அறிமுகப்படுத்தியது. தயாரிப்பு மீண்டும் தியெப்பில். அத்தொழிற்சாலை இப்போது ரெடேலேயின் பெயரைத் தாங்கியுள்ளது. புதிய காரின் உடலும் சட்டகமும் அலுமினியம். எஞ்சின் 1.8 லிட்டர் டர்போ, 252 குதிரைத்திறன். பாதுகாப்பு விதிகளும் குளிர்சாதனமும் சேர்ந்தும் எடை சுமார் 1,100 கிலோவில் நின்றது. இன்றைய கார்களிடையே அது மிகக் குறைவு. முன்பக்கத்து நான்கு விளக்குகளையும் முன்மூடியின் நடுவே ஓடும் மெல்லிய முதுகுக் கோட்டையும் பழைய காரிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினை மட்டும் பழைய இடத்தில் வைக்கவில்லை. பின்சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டார்கள்.